சிக்குக் கூடையும் மூன்றரை அணாவும்

கூலியை உயர்த்தினால் முதலாளிக்கு நஷ்டமா, வேலையாளுக்கு லாபமா என்று என்னைக் கேட்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. கூலி உயர்ந்ததையும் பார்த்தேன், அதனாலேயே ஒருத்திக்கு வேலை போனதையும் பார்த்தேன். இரண்டிலும் என் கை இருந்தது. ஆனாலும் நெசவாளர் சங்கத்து எழுத்தர் விடுவதாக இல்லை. ஊரில் மறுபடியும் கூலிப் பேச்சு கிளம்பியிருக்கிறதாம். பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை தாளையும் பென்சிலையும் வாங்கிவந்து வைத்துவிட்டே போய்விட்டார். வீட்டில் சும்மா கிடக்கிற கிழவனுக்கு எழுதுவதற்கு என்ன கேடு என்று நினைத்திருப்பார். சரி, எழுதுகிறேன். மெருகு போட எனக்குத் தெரியாது.

என் தகப்பனார் ஏனாத்தூரில் பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மழை பொய்த்த ஒரு வருஷம் என்னைப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு முதலியாரின் சாயப்பட்டறையில் தண்ணீர் இறைக்கக் கொண்டுவந்து விட்டார். இறைத்தேன், சாயம் பிழிந்தேன், பட்டு உலர்த்தினேன், தராசு பிடித்தேன். அங்கிருந்த கணக்கர் புண்ணியத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வந்தது. முப்பது வயதுக்குள் பட்டு சுற்றும் கொட்டகைக்கு மேஸ்திரி ஆனேன். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் அந்தக் கொட்டகையில் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். மேஸ்திரிக்கு அங்கே உட்கார இடம் கிடையாது.

பட்டு நூல் கொள்ளேகாலத்திலிருந்து சிட்டம் சிட்டமாக, வளையமாகச் சுற்றிக் கட்டிய கட்டுகளாக வரும். ஒரு சிட்டத்தை மூங்கில் சக்கரத்தில் மாட்டி, நூலின் முனையைப் பிடித்து, ராட்டையைச் சுழற்றி மர உருளையில் ஏற்ற வேண்டும். முறுக்கு, சாயம், பாவு, தறி எல்லாம் அதற்குப் பிறகு. பட்டு வேலையிலேயே கடைசி வேலை இது என்பார்கள். ஒரு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம், அதனால் கூலியும் கடைசி. எங்கள் கொட்டகையில் பதினாறு ராட்டை, பதினாறு பெண்கள். ராட்டை முதலியாருடையது. அதைச் சுழற்றும் கைப்பிடி மட்டும் அவரவர் சொந்தம். காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்து பொருத்துவார்கள், சாயங்காலம் உருவி இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். கைக்குப் பழகிய பிடி இல்லாமல் நாள் முழுக்கச் சுற்ற முடியாது. எந்த ராட்டையில் யாருடைய பிடி இருக்கிறதோ அது அவளுடைய இடம். அதில் இன்னொருத்தி உட்காரமாட்டாள்.

முதலியார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தினம் சாயங்காலம் கொட்டகைக்கு வருவார். ஏதாவது ஓர் உருளையை எடுப்பார். நூலைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். முடிச்சு தட்டினால் கண்ணைத் திறப்பார், அவ்வளவுதான். யார் சுற்றியது என்று கேட்கமாட்டார். உருளையை என் கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். மிச்சத்தை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியது நான். அவர் வாயில் 'முடியாது' என்ற சொல்லே வராது. எதைக் கேட்டாலும் 'செய்யலாம்' என்பார். எப்படிச் செய்வார் என்பது பிறகுதான் தெரியும்.

காலையில் பட்டை நிறுத்துக் கொடுப்பேன். சாயங்காலம் உருளையில் ஏறியது, ஏறாதது, கழிவு மூன்றையும் சேர்த்து நிறுத்து வாங்குவேன். ஈரக்காற்றில் பட்டு கனக்கும், வெயிலில் இளைக்கும். அதற்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது மேஸ்திரியின் பொறுப்பு. மற்றபடி ஓர் இழை வெளியே போனாலும் திருட்டுதான். எனக்கு முந்திய மேஸ்திரி காலத்தில் ஒருத்தியைப் போலீசில் ஒப்படைத்திருக்கிறார்கள். வெளியே போகிற பெண்களின் மடியை வாசலில் ஒரு கிழவி உதறிப் பார்ப்பாள். கைக்குழந்தைக்காரிகளுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் முற்பகலில் ஒரு தரமும் பிற்பகலில் ஒரு தரமும் வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். அவர்கள் மடியைத் தொட்டுச் சோதிப்பது பாவம் என்பது முதலியாரின் தாயார் காலத்து ஏற்பாடு.

இன்னொரு வழக்கம், எனக்கு முன்னாலிருந்தே இருந்தது. கட்டுத் தளர்ந்த சிட்டங்கள் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். இழுத்தால் அறும், அறுந்தால் முடிச்சு, முடிச்சு விழுந்தால் முதலியார் கண்ணைத் திறப்பார். அதனால் சிக்குச் சிட்டம் கைக்கு வந்தால் பெண்கள் அதை ஒரு கூடையில் போட்டுவிடுவார்கள். கூடை கன்னியம்மாள் பக்கத்தில் இருக்கும். அவளுக்கு அறுபதை நெருங்கும் வயது. கிட்டத்துப் பார்வை கூர்மை, விரல் நிதானம். ஒவ்வொன்றாக எடுத்துச் சிக்கைப் பிரித்து, முனையைக் கண்டுபிடித்து, உடையவளிடமே திருப்பிக் கொடுப்பாள். நடுநடுவே தன் ராட்டையையும் சுற்றுவாள். ஏதோ பெரியவள், நாளைக்கு ஒன்றிரண்டு பிரித்துக் கொடுக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கூடையை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அவள் புருஷன் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்தவர், பாரிசவாயு வந்து படுத்துவிட்டார். இவளுடைய கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த சமயம். அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. சுற்றுக்கூலி மட்டும் அதே இரண்டணா. ஒரு நாள் காலை வந்து பார்க்கிறேன், பதினாறு ராட்டையும் பிடி இல்லாமல் மொட்டையாக நிற்கின்றன. பெண்கள் பிடிகளை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்று பேசியவள் பச்சையம்மாள். இருபத்தைந்து வயதிருக்கும், இடுப்பில் கைக்குழந்தை. மற்ற முதலாளிகளின் கொட்டகைகளும் மொட்டையாகிவிட்டன. எட்டு நாள் ஊரில் ஒரு சிட்டம் நகரவில்லை. ஒன்பதாம் நாள் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு தாளில் எழுதினார்கள்: கொட்டகையில் உட்கார்ந்து பட்டு சுற்றும் யாருக்கும் நாளொன்றுக்கு மூன்றரை அணாவுக்குக் குறையக் கூடாது. எங்கள் முதலியார்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அந்தப் பெண்கள் எதைச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள் என்று தினம் பார்த்தவன் நான்.

மறுநாள் முதலியார் என்னைக் கூப்பிட்டார்.

"முனுசாமி, மூணரை அணா குடுக்கலாம். மூணரை அணா வேலையும் வேணும் இல்ல? ஒருத்தி நாளைக்கு எத்தினி சிட்டம் ஏத்தணும்னு நீயே பார்த்துச் சொல்லு. அதுக்குக் கொறைஞ்சவங்களை வெச்சிக்க எனக்குக் கட்டாது."

நியாயமாகத்தான் பட்டது. ஆறு நாள் ஒவ்வொருத்தி ராட்டையிலும் ஏறிய சிட்டத்தை எண்ணினேன். அந்த ஆறு நாளும் கன்னியம்மாளின் கூடை மலைபோல் குவிந்தது. கொஞ்சம் சிக்கலாக இருந்தாலும் அதைக் கூடையில் தள்ளிவிட்டு நல்ல சிட்டத்துக்கு ஓடினார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நாளுக்கு எட்டு என்று அளவு வந்தது. மூன்று பேர் எட்டவில்லை. இருவர் ஒரு வாரத்தில் எட்டிப் பிடித்தார்கள். கன்னியம்மாள் மூன்றிலேயே நின்றாள்.

"கூடையை யாரு எண்ணுறது, மேஸ்திரி?" என்று ஒரு தரம் கேட்டாள்.

"கூடைக்கு அளவு கெடையாது ஆயா. உருளையில ஏறினாத்தான் அளவு" என்றேன். இதை நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்.

அவளை வேலையிலிருந்து நிறுத்த வேண்டிய அன்று சாயங்காலம், எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து என்னிடம் வந்தாள். பச்சையம்மாள் மட்டும் வாசல் பக்கம் நின்றாள்.

"எனக்குப் பழைய ரெண்டணாவே போதும்பா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஓரமா உக்காந்துக்கினு சுத்திட்டுப் போறேன். படுத்துக்கினு இருக்கிற மனுசனுக்குக் கஞ்சி காச்சணும் இல்ல?"

முதலியாரிடம் கேட்டிருந்தால் 'செய்யலாம்' என்றிருப்பார். அதுதான் எனக்குப் பயம். "நீ ரெண்டணாவுக்கு உக்காந்தா, நாளைக்கு இன்னொருத்தியையும் அதுக்கே உக்காரச் சொல்லுவாங்க. அப்புறம் எழுதின தாளு எதுக்கு?" என்றேன். பச்சையம்மாளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மேஸ்திரி சொல்றது நெசந்தான் ஆயா" என்றாள்.

"அப்ப என்னைத் தள்ளிட்டுத்தான் உங்களுக்கு மூணரை அணா" என்றாள் கன்னியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. கைப்பிடியை உருவினாள், முந்தானையில் முடிந்துகொண்டாள், போய்விட்டாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தது சரி என்றே நினைத்தேன்.

அடுத்த வாரமே கொட்டகை தடுமாறியது. கூடை நிரம்பியது, பிரிக்க ஆளில்லை. அவரவர் சிக்கை அவரவர் பிரிக்க உட்கார்ந்தால் எட்டு ஏறவில்லை. அவசரத்தில் இழுத்தால் முடிச்சு. முதலியார் ஒரே நாளில் நாலு உருளையை என் கையில் வைத்தார். கன்னியம்மாளின் மூன்று சிட்டத்தை எண்ணினேனே, அவள் விரலால் மற்றவர்கள் உருளையில் ஏறியதை எண்ணவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அதை முதலியாரிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. அளவு போட்டவன் நான்.

பிறகு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, எல்லாம் தானாகச் சரியாயிற்று. எல்லோரும் எட்டு ஏற்றினார்கள். முடிச்சு இல்லை. கூடை காலி. பழகிவிட்டார்கள், என் அளவு சரிதான் என்று மார்தட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் முதலியார் ஆள் அனுப்பினார். ஒரு மூட்டைப் பட்டில் ஈரம் இருப்பதாகச் சந்தேகமாம், கொள்ளேகாலத்து வியாபாரி வந்திருக்கிறார், கொட்டகையில் இருப்பதை உடனே நிறுக்க வேண்டும் என்று. பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நிறுத்தேன். ஏழு பலம் எடை குறைந்தது. வெயிலில் இளைத்தது என்று எப்படிப் பார்த்தாலும் அவ்வளவு வராது. வந்த ஆளிடம் ஈரம் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் வழக்கம்போல் நிறுத்தேன். ஓர் இழை குறையவில்லை. மத்தியானம் காணாமல் போன பட்டு சாயங்காலம் வந்து உட்கார்ந்திருந்தது.

மடி சோதனை இல்லாமல் முற்பகலில் போய்ப் பிற்பகலில் வரக் கூடியவர்கள் கைக்குழந்தைக்காரிகள்தான். அப்போது கொட்டகையில் அப்படி இருந்தவள் ஒருத்தியே. மறுநாள் பச்சையம்மாள் பால் கொடுக்கக் கிளம்பியதும், கொஞ்சம் விட்டு நானும் கிளம்பினேன். அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில், வேகவதி ஆற்றோரக் குடிசைகளில் ஒன்றுக்குள் நுழைந்தாள். கன்னியம்மாள் வீடு அது. நான் குனிந்து உள்ளே போனபோது பகலில் கிழவியிடம் விட்டிருந்த குழந்தை பச்சையம்மாள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. கன்னியம்மாள் முன்னால் சுத்தமான வெள்ளைத்துணி, அதன் மேல் ஆறேழு சிக்குச் சிட்டம். மூலையில் அவள் புருஷன் படுத்திருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா மேஸ்திரி" என்றாள் பச்சையம்மாள். "பாத்துக்கோ. ஒரு இழை கொறையாது. தெனம் நீதான் நிறுத்துக்கினு இருக்கியே."

"போலீசுல போனா இத்தப் பட்டுத் திருட்டுன்னுதான் எழுதுவான், தெரியுமா?"

"தெரியும். எட்டு ஏறலேன்னா நாளைக்கு நாங்களும் வெளிய. இதுவும் தெரியும்."

"ஆயா சும்மாவா பிரிச்சுத் தருது?"

"சிட்டத்துக்குக் காலணா. யாரு சிட்டமோ அவ கூலியிலேர்ந்து குடுக்கணும்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "அஞ்சு சிட்டம் பிரிச்சாலும் ஒண்ணேகால் அணாதானே ஆவுது. கூலி கொறையவே கூடாதுன்னு எட்டு நாளு மண்டபத்துல உக்காந்தவங்க நீங்கதானே?"

பச்சையம்மாள் குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். கன்னியம்மாள்தான் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அவள இன்னாத்துக்குக் கேக்கற? காலணான்னு நான்தான் சொன்னேன். அதுக்கு மேல கேட்டா அவங்களே பிரிச்சிக்குவாங்க. அப்புறம் எனக்கு இன்னா இருக்குது?"

அங்கே நின்றபடியே யோசித்தேன். சொன்னால் பச்சையம்மாளுக்கு ஜெயில், கன்னியம்மாளுக்கும் பங்கு உண்டு. சொல்லாவிட்டால் என்றைக்காவது இன்னொருவர் கண்ணில் படும், அப்போது நானும் சேர்ந்துதான் போவேன். நாலு நாள் இதே யோசனை. ஐந்தாம் நாள் ஒரு வழி தோன்றியது. மிகவும் புத்திசாலித்தனமான வழி என்று பட்டது.

முதலியார் சாயங்காலம் வந்தபோது, பெண்கள் செய்ததை விழுங்கிவிட்டு, வேறு விதமாகச் சொன்னேன்: "முதலாளி, சிக்குச் சிட்டத்தால வேலை கெடுது. அதை மட்டும் நாமளே நிறுத்து கன்னியம்மா வீட்டுக்கு அனுப்பலாங்க. வீட்டுலயே பிரிச்சுச் சுத்திக் குடுத்துடும். கொட்டகையில உக்காராததால மூணரை அணாப் பேச்சும் இல்லே."

"கூலி?"

"சிட்டத்துக்குக் காலணான்னா ஒத்துக்கும்."

அவர் கையில் அப்போது உருளை ஒன்றும் இல்லை. ஆனாலும் நூல் ஓடவிடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். "எட்டு சிட்டம் ரெண்டணா" என்றார்.

"அது கெழவிக்குங்க. சிக்குச் சிட்டத்துக்கு மட்டும்" என்றேன்.

"செய்யலாம்" என்றார்.

நான் போய்ச் சொன்னபோது கன்னியம்மாள் கண் கலங்கிவிட்டாள். "உன் வாய்க்குச் சக்கரை போடணும்பா" என்றாள். பச்சையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒருவர் சோற்றிலும் மண் விழாமல் காரியத்தை முடித்தோம் என்று எனக்கு ஏகத் திருப்தி. அந்தத் திருப்தி ஐந்தாறு மாதம் இருந்தது.

மழைக்காலத்தில் இரண்டு பெண்கள் வரத் தாமதமானது. கன்னியம்மாள் குடிசைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு நல்ல சிட்டத்தையே கொஞ்சம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் முதலியார். அதே காலணா. ஒருத்தி பிரசவத்துக்கு நின்றாள், அவள் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. அவள் பங்குப் பட்டு வீடுகளுக்குப் போயிற்று. இன்னொருத்தி சண்டை போட்டுக்கொண்டு நின்றாள், அவளுடையதும் போயிற்று. முதலியார் யாரையும் போ என்று சொல்லவில்லை. எழுதிய தாளை அவர் ஒரு நாளும் மீறவும் இல்லை. கொட்டகையில் உட்கார்ந்தவர்களுக்குக் கடைசிவரை மூன்றரை அணா கொடுத்தார். உட்கார்ந்தவர்கள்தான் குறைந்துகொண்டே வந்தார்கள். இரண்டு வருஷத்தில் பதினாறு ராட்டையில் நாலு சுற்றியது. மற்ற முதலாளிகளும் பார்த்துக்கொண்டே இருந்து அதே வழிக்கு வந்தார்கள்.

முதலியார் மேல்தான் தப்பு என்று எழுத என்னால் முடியாது. மைசூர்ச் சீமையில் இயந்திரத்தில் சுற்றிய பட்டு வரத் தொடங்கியிருந்தது. மூன்றரை அணாவுக்குப் பதினாறு பேரை வைத்திருந்தால் கொட்டகையையே பூட்டியிருப்பார் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். கூலியை உயர்த்தியதே தப்பு என்றும் எழுதமாட்டேன். அந்த நாலு பேர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வேளை சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தேன். கன்னியம்மாளும் அந்தக் காலணாவில்தான் புருஷனை ஆறு வருஷம் காப்பாற்றினாள்.

பச்சையம்மாளின் முறையும் வந்தது. அவள் பிள்ளைக்கு அம்மை கண்டு ஒரு மாதம் வராமல் இருந்தாள். திரும்பி வந்தபோது அவள் ராட்டையைக் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தது. வேண்டுமானால் வீட்டுக்குப் பட்டு அனுப்புவதாக முதலியார் சொல்லச் சொன்னார். சொன்னேன். கைப்பிடியை இடுப்பிலிருந்து எடுத்துப் பார்த்தாள், மறுபடி செருகிக்கொண்டாள்.

"நாங்க ஆயாவுக்குப் போட்ட காலணாதான் மேஸ்திரி, எங்களுக்கே வந்திருக்குது" என்றாள். "அன்னிக்கு நீ போலீசுல சொல்லியிருந்தா நான் ஒருத்திதான் போயிருப்பேன்."

அவள் பங்குப் பட்டை நிறுத்துக் கொடுத்தேன்.

போன வாரம் எழுத்தர் தங்கள் கோரிக்கையைப் படித்துக் காட்டினார். பட்டறைகளிலும் கொட்டகைகளிலும் வேலை செய்வோருக்கு இன்ன கூலி என்று வரிசையாக எழுதியிருந்தது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கு என்ன என்று கேட்டேன். "அவங்களை எப்படிங்க சேர்க்கிறது? ஊட்டு வேலைக்கு நடுவுல சுத்துறவங்க. வேலையாளுன்னு யாரு ஒத்துக்குவாங்க?" என்றார். முதலில் வீட்டில் சுற்றுகிறவர்கள் கூலியை எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள் என்றேன். ஏதோ பழங்காலத்து மனுஷர் என்று சிரித்துவிட்டுப் போனார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே ராட்டைச் சத்தம் நின்றுவிட்டது. என் மருமகள் ஒரு சிக்குச் சிட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "மாமா, முனையே தெரியல, கொஞ்சம் பாக்குறீங்களா?" என்றாள். அதே முதலியார் வீட்டுப் பட்டு, இப்போது அவர் மகன் பார்க்கிறார். மடியில் துணியை விரித்து வாங்கிக்கொண்டேன். பிரித்துக் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. சிட்டத்துக்கு இன்றும் காலணாதான். முதலாளியிடம் அந்தக் கூலியை முதன்முதலில் சொன்னவன் யார் என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியும். எழுத்தர் இதை அச்சில் போட்டால் தெரிந்துகொள்ளட்டும்.